காட்டின் மேல் ஓசோனே இல்லை

அக்கறை இல்லாமல் நான் கெடுத்த காரியங்கள் குறைவு. அதிக அக்கறையால் கெடுத்தவைதான் ஏராளம்.

எழுபதுகளின் நடுவில் அடையாற்றில் ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். மயிலாப்பூரில் பஸ் ஏறும்போதே என்னை விஞ்ஞானி என்று நினைத்துக்கொள்வேன் (கண்டக்டர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை). எங்கள் தலைவர் சாரதா மேடம். மலையில் ஒரு மழைக்காட்டுக்கு மேலே காற்றில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளப்பது அவருடைய நெடுநாள் ஆசை. பல இடங்களில் கேட்டு அலைந்து ஒரே ஒரு கருவி வாங்கினார். அதைப் பலூனில் கட்டிப் பறக்கவிட்டால், ஒரு மெல்லிய குழாய் வழியே காற்றை இழுத்து, அளவை ரேடியோவில் தரைக்கு அனுப்பும்.

கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைப்பது என் வேலை. ரயில் தூசி குழாய்க்குள் போய்விடுமே என்று கவலைப்பட்டு, கொஞ்சம் பஞ்சைத் தீக்குச்சியால் உள்ளே தள்ளி அடைத்தேன். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. செய்ததை நானும் யாரிடமும் சொல்லவில்லை.

காட்டுக்குப் போனவர் எங்களோடு வேலை பார்த்த ஆதம்பாக்கத்து முருகேசன். மழையில் நாள்கணக்காகக் காத்திருந்து பலூனை விட்டார். அது அதிக உயரம் போகாமலே வெடித்து, கருவியோடு காட்டுக்குள் விழுந்து தொலைந்தது. அவர் கொண்டுவந்தது அளவு பதிவான காகிதச் சுருள் மட்டும். அதில் கோடு எழவேயில்லை. ஓசோன் பூஜ்யம்.

"மரம் ஓசோனை உறிஞ்சும்னு தெரியும். இவ்வளவா?" மேடம் சுருளை மறுபடி மறுபடி விரித்துப் பார்த்தார். இதை அறிவிக்க வெளியூர்ப் பேராசிரியர்களை அழைத்து ஒரு கூட்டம் வைத்தார்.

கூட்டத்தில் கரும்பலகையில் கருவியை வரைந்தார். சாக்பீஸ் குழாயின் வாய்க்கு வந்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மேடத்தின் பெயரில் ஒரு பொய் அச்சாகும். எழுந்துவிட்டேன்.

"மேடம்... பஞ்சு."

"என்ன பஞ்சு?"

"குழாய்க்குள்ள. நான்தான் வெச்சேன். எடுக்கணும்னு சொல்ல மறந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மேடம் டஸ்டரை எடுத்து மெதுவாகப் படத்தை அழித்தார். "இன்னிக்குச் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்லை. மன்னிச்சுக்கோங்க" என்று வந்தவர்களை நோக்கிக் கைகூப்பினார். இன்று நினைத்தாலும் என் தலை குனிகிறது.

வாசலில் முருகேசன் பேண்டைச் சுருட்டி, அட்டைகள் கடித்த இடங்களைக் காட்டினார். "இன்னா நைனா, இத்தினி ரத்தம் குட்சிகீது. எல்லாம் உன் பஞ்சுக்கா?"

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். மேடம் அதை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

"வேற கருவி நான் கேட்டு வாங்கறேன். அடுத்த மழைக்கு நீயே போ. அளந்துட்டு வந்து இதைத் திருப்பி வாங்கிக்கோ."

போனேன். அட்டைகள் பாரபட்சம் பார்க்கவில்லை. பலூன் ஏற ஏறக் காகிதத்தில் கோடு மெல்ல எழுந்தது. ஓசோன் கொஞ்சம்தான்; ஆனால் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே அழுதேன் (யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது).

கல்யாணமானதும் இதை மனைவியிடம் சொன்னது என் அடுத்த தவறு. அவள் பின்னாளில் எங்கள் மகளிடம் சொன்னாள். சில வருடங்கள் கழித்து, தென் துருவத்துக்கு மேலே ஓசோன் படலத்தில் ஓட்டை என்று பேப்பரில் செய்தி வந்தது. பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த மகள் அதை என் முன்னால் விரித்து வைத்தாள். அப்போது அவள் கேட்டதை, வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் இன்றும் என் மனைவி அதே குரலில் சொல்லிக் காட்டுகிறாள்:

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. அங்கேயும் நீங்க போனீங்களா?"