டைம்கீப்பர் மாமா ஒதுக்கிய பாடங்கள்

பசறையில் எந்தப் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது கல்வி அமைச்சு அல்ல, எங்கள் பள்ளிக்கூடமும் அல்ல. பஸ் நிலையத்துக் கூண்டுக்குள், பஸ்களை நேரத்துக்குக் கிளப்பிவிட விசிலோடு உட்கார்ந்திருந்த டைம்கீப்பர் மாமாதான். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

பத்தாம் தரத்துக்கு வரும் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்ய வேண்டும். அதற்குப் பொறுப்பான ஆசிரியை நான். பெற்றோரைக் கூப்பிட்டு, வெண்பலகையில் படம் போட்டு, எந்தப் பாடம் எந்தத் தொழிலுக்குக் கொண்டுபோய் விடும் என்று தொண்டை வற்றப் பேசுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு நேரே பஸ் நிலையத்துக்குப் போய், "மாமா, எந்தப் பாடம் எடுத்தா புள்ள பஸ்ஸ புடிக்கும்?" என்று கேட்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏறும் கடைசி பஸ் இரண்டரைக்கு. அதை விட்டால் பாதி வழிவரைதான் வண்டி. மிச்சத்தை மலையில் நடக்க வேண்டும். பனி இறங்கினால் பாதை தெரியாது, காட்டுப்பன்றி வேறு வரும். பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இதைவிட வேறு என்ன பாடத் தெரிவு வேண்டும்?

மாமா கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொல்வார். விவசாயம் கூடாது, செய்முறை வேலை பள்ளி விட்ட பிறகுதான் நடக்கும். அதனால் தேயிலைக்கு நடுவே பிறந்த பிள்ளைகளில் ஒன்றுகூட விவசாயம் எடுக்கவில்லை. நாடகமும் அரங்கியலும் நல்லது, காலையிலேயே முடிந்துவிடும். விளைவு, ஒரு தோட்டம் முழுக்க நடிகர்கள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் கண்ணீர் விட்ட அழகில் நானே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன். அந்த வருஷத் திருவிழாவில் எல்லோரும் மேடையில் இருந்தார்கள், பார்க்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

நேரம் என்று வந்துவிட்டால் மாமாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. சொந்தத் தம்பி கல்யாணம் முடிந்து, பெண்ணை பஸ்ஸில் ஏற்றிவிட்டு மாலையும் கழுத்துமாக வெற்றிலை வாங்கப் போயிருந்த நேரத்தில் விசிலை ஊதிவிட்டார். பெண் போய்ச் சேர்ந்தாள். மாப்பிள்ளை அடுத்த பஸ்ஸில் போனார்.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் தர்ஷினி போய் நின்றாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். தர்ஷினிக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். தகவல் தொழினுட்பம் எடுத்தே தீருவேன் என்றாள். ஆனால் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பதுளையிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். வகுப்பு முடிய இரண்டே முக்கால் ஆகிவிடும். பஸ் கிடைத்தால் எடு, இல்லையென்றால் பேசாமல் இரு என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். துணைக்கு நானும் போனேன்.

"அந்தப் பாடத்துக்கு பஸ் இல்ல புள்ள. சித்திரம் எடு" என்றார் மாமா.

"எனக்கு ஒரு கோடு நேரா வராது மாமா. பாடத்த மாத்துறதுக்குப் பதிலா, நீங்க பஸ்ஸ கொஞ்சம் மாத்துங்களேன்."

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. நேரம் என்பது தன் கையில் இல்லை, மேலே இருந்து வருகிறது என்று நீளமாக விளக்கினார். தர்ஷினி அழவில்லை, அவள் நாடகம் படித்தவளும் அல்ல. சரி மாமா என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மாமா அன்று விசில் ஊதியது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் காலை தர்ஷினியின் அம்மா என்னிடம் வந்தார். புள்ள கேட்ட பாடத்தையே எடுக்கட்டும், பஸ் நிக்கும் என்று மாமா சொல்லி அனுப்பினாராம். எப்படி நிற்கும் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை தெரிந்தது. கூண்டில் தொங்கிய கடிகாரம் அன்று மட்டும் மெதுவாக ஓடியது. டிரைவர் இறங்கி வந்து, போனில் இரண்டே முக்கால் காட்டுகிறதே என்று சண்டை பிடித்தார்.

"போன் கொழும்பு நேரம் காட்டும் தம்பி. இது பசறை" என்றார் மாமா. அதற்குள் தர்ஷினி மூச்சிரைக்க ஓடிவந்து ஏறிவிட்டாள்.

இரண்டு வருஷமும் செவ்வாய்க்கிழமைகளில் பசறை இப்படித்தான் பின்தங்கியது. தர்ஷினி பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்து, இப்போது பதுளையில் தங்கி உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கிறாள். அவளைப் பார்த்து இந்த வருஷம் அவள் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டமே அந்தப் பாடத்தை எடுத்திருக்கிறது. நடிகர்கள் குறைந்துவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பஸ் நிலையத்துக்குப் போனேன். கூண்டில் புதிதாக டிஜிட்டல் கடிகாரம். அதன் முள்ளைத் திருப்ப வழியில்லை, முள்ளே இல்லை. இரண்டரை தாண்டிவிட்டது, டிரைவர் ஹோர்ன் அடிக்கிறார். மாமாவோ மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கெழமையானா விசில எங்க வச்சேன்னே மறந்துருது டீச்சர்" என்றார்.

பள்ளிக்கூடப் பக்கமிருந்து பிள்ளைகள் புத்தகப் பைகள் குலுங்க ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. விசில் அவர் கழுத்தில்தான் தொங்கியது. நானும் குனிந்து சேர்ந்து தேடினேன்.