ஒத்தக்கன்னமும் மேஸ்திரி மீசையும்

ஒத்தக்கன்னத்தைப் போல ஒரு பைத்தியக்காரன் ஆம்பூரில் இதற்கு முன் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. மறுப்பவர்கள் நேரில் வந்து சண்டை போடலாம்.

நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பில் அவன் கரிக்காரன். மழைக்காலத்தில் தோல் காயாது. கரிக் கணப்பு மூட்டித்தான் காய வைப்போம். கரி வந்தால் ஒவ்வொரு மூட்டையிலும் இடது கன்னத்தை அழுத்தி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற தாய் மாதிரி கண்ணை மூடி நிற்பான். அந்தக் கன்னம் எந்நேரமும் கறுப்பு. பேரும் அதனால்தான்.

"புதுக்கரி காத்தைக் குடிக்கும்ணா. ஒடம்பெல்லாம் பொத்தல், அத்தினி பொத்தலாலயும் குடிக்கும். குடிச்சா சூடு ஏறும். பரப்பி வச்சா ஆறிடும். தூளோட அடைச்சு அடுக்கினா சூடு எங்க போவும்? தானா பத்திக்கும்!"

நெருப்பு வைக்காமலே கரி பற்றுமாம்! சிரிக்காத ஆள் இல்லை. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஒருமுறை "காய்ச்சல்! காய்ச்சல்!" என்று அலறி ஷாப்பையே வெளியே ஓட வைத்தான். பார்த்தால், மூட்டைமேல் பூனை படுத்திருந்த சூடு.

"இன்னொரு தபா கத்துனே, அன்னிக்கே வேலை போச்சு. பேஜாரு புடிச்சவனே!" என்றார் மேஸ்திரி. அவருடைய மீசை காதுவரை போகும். தினமும் அதற்கு நெய் தடவுவார்.

ஐப்பசியில் ஏலகிரிப் பக்கத்திலிருந்து புதிதாகச் சுட்ட கரி வந்தது. கூடவே மழையும் வந்தது. மேஸ்திரி மூட்டைகளைத் தோல் குடோனுக்குள்ளேயே நெருக்கி அடுக்கச் சொன்னார். ஒத்தக்கன்னம் காலில் விழுந்தும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம், நடு மூட்டையில் கன்னம் வைத்தவன் துள்ளிக் குதித்தான். வாயைத் திறந்தான். மூடினான். வேலை போய்விடுமே! பிறகு எங்கள் காது கிழியக் கத்தினான்:

"காய்ச்சல்!"

"இன்னாடா, மறுபடியும் பூனையா?" மேஸ்திரி கத்தியோடு வந்தார்.

"மேஸ்திரி, பிரிக்காதீங்க! அப்படியே வெளிய இழுத்துடலாம். உள்ள காத்து பூந்துச்சுன்னா..."

"மூட்றா வாயை!"

மேஸ்திரி மூட்டையைக் கிழித்தார், குனிந்து பார்த்தார். உள்ளே செக்கச்செவேலென்று கனிந்து கிடந்த கரி, காற்றுப் பட்டதும் குப்பென்று எழுந்தது. நெய் மீசை என்ன ஆகும்?

மூட்டைகளை மழையில் இழுத்துப் போட்டோம். ஒரு தோல்கூடக் கருகவில்லை. மீசை போன இடத்தைத் தடவியபடி மேஸ்திரி அவன் எதிரில் வந்து நின்றார். கத்தினால் வேலை போச்சு என்றவராயிற்றே! அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான், கிளம்புவதற்கு.

"எங்கடா போறே? கன்னத்தை எப்படி வைக்கணும், காட்டிட்டுப் போ."

அன்றுமுதல் எங்கள் ஷாப்பில் கறுத்த கன்னம் இரண்டு.

இப்போதும் கரிக்கடை வாசலில் மூட்டையைக் கண்டால், யாரும் பார்க்காத நேரமாக நானும் கன்னத்தை வைத்துவிட்டுத்தான் நகர்கிறேன்.