முந்நூற்று ஏழு கதவுகள்

பெல்வர்டன் நகரம்,
29 மார்ச் 1947.

‘பெல்வர்டன் ஹெரால்டு’ ஆசிரியர் அவர்களுக்கு,

நகரப் போலீஸ் சார்ஜண்ட் ஹூபர்ட் கிளீவ் பணிவுடன் எழுதுவது. இந்தப் பாழாய்ப்போன பனியில் தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் உறையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வரும் செவ்வாய்க்கிழமை எங்கள் படையை மாவட்டப் போலீஸோடு சேர்த்துவிடுகிறார்கள். நூற்றுப் பதினொரு வருடக் கதை அன்றோடு முடிகிறது. அதற்குத் தாங்கள் நேற்று எழுதியது ‘பதினான்கு பேர் கொண்ட தூங்குமூஞ்சிப் படை’ என்பதுதானா? படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஐயா. எங்கள் தலைவர் திரு. ஆகஸ்டஸ் பிம் எப்பேர்ப்பட்டவர் என்று தெரியுமா? போருக்கு முன்பு தீயணைப்புக்கும் அவர்தான் தலைவர். ஒருமுறை எங்கள் போலீஸ் நிலையத்துப் புகைபோக்கி தீப்பிடித்தது. போலீஸ் தலைவராக உட்கார்ந்து, தீயணைப்புத் தலைவருக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். எழுந்துபோய்த் தீயணைப்புப் பித்தளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து, அதைப் பிரித்துப் படித்து, “ரொம்பத் தாமதமாச் சொல்லியிருக்கீங்களே!” என்று கடிந்துகொண்டு, பதிலும் எழுதிவிட்டுத்தான் வாளியைத் தொட்டார். கூரை போயிற்று. ஆனால் கோப்பில் ஒரு காகிதம் குறையவில்லை! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, பாதி புகையால்.

அப்புறம் கதவுகள். கடைக்காரர்கள் சாத்திவிட்டுப் போனபின் ஒவ்வொரு கைப்பிடியையும் திருகிப் பார்ப்பதுதான் எங்கள் ரோந்து. மொத்தம் முந்நூற்று ஏழு. பூட்டாத கதவு அகப்பட்டால், அது மேயருடையதாகவே இருந்தாலும், எச்சரிக்கைச் சீட்டு உண்டு. கசாப்புக்கடை திருமதி டிராட் என்னைப் பார்த்தாலே, “எங்க வீட்டுக்காரர் என் கையப் புடிச்சதவிட, நீங்க என் கடைக் கைப்பிடியப் புடிச்சதுதான் ஜாஸ்தி, சார்ஜண்டய்யா!” என்பார். முப்பத்தொரு வருடம் திருகியிருக்கிறேன். இந்த நகரத்தில் பூட்டாத கதவு ஒன்றுகூட இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். அதையாவது அச்சில் போடுங்கள். திங்கட்கிழமை பிரிவு விருந்தில் பிம் ஐயா அதைப் படித்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியேற வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

தங்கள் குடும்பம் குறைவில்லாமல் வாழட்டும். தங்கள் அலுவலகக் கதவையும் இன்று பார்த்துவிடுகிறேன்.

கீழ்ப்படிதலுள்ள,
ஹூபர்ட் கிளீவ்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் ஒரு சங்கடம். நாங்கள் பதினான்கு பேரும் நகர மண்டபப் படியில் கடைசிப் புகைப்படத்துக்கு நின்ற அரைமணி நேரத்தில், நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரார் பிம் ஐயாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. வந்தவன் வாசல் வழியாகவே வந்திருக்கிறான். எங்கள் கதவு எந்த ரோந்திலும் இல்லை, ஐயா. அதற்குச் சாவி இருந்ததாகவே யாருக்கும் நினைவில்லை.

பிம் ஐயா கைப்பிடியைத் திருகினார். திறந்துகொண்டது.

“இந்தக் கதவு யார் பொறுப்பு, கிளீவ்?”

“உங்களோடதுங்கய்யா.”

சீட்டை எடுத்துத் தன் பெயரையே எழுதினார். தன் இடது கையில் தானே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட்டார். எப்பேர்ப்பட்ட மனிதர்!

இந்தக் கடிதத்தை அச்சில் போட வேண்டாம். ‘தூங்குமூஞ்சி’ அப்படியே இருக்கட்டும். திருட்டை மட்டும் புதன்கிழமை எழுதுங்கள். அதற்குள் அந்தக் கதவு மாவட்டப் போலீஸுடையதாகியிருக்கும்.