முந்நூறு பேர் சங்கம்

கடிதத்தை மூன்றாவது முறை படித்தபோதும் 'எங்கள் வக்கீல் முன்னிலையில்' என்ற வரி இருந்த இடத்திலேயே இருந்தது. நாலுகம்பி மறுபடி முதல் வரிக்குப் போனார்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அவர் வாசிக்கும் தாழ்சுருதி பேஸ் கிட்டாருக்கு நான்கே கம்பிகள் என்பதால் இசைக்குழுவில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"சத்தமா படிங்க," என்றாள் மனைவி. பள்ளி ஆசிரியை. மடியில் ஏழாம் வகுப்பு விடைத்தாள்கள்.

"'தங்கள் சங்கத்தின் மிரட்டல் கடிதம் கிடைத்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சங்கத் தலைவர், உறுப்பினர் பட்டியலுடன் கடைக்கு வரவும். எங்கள் வக்கீல் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.'"

"யாரு தலைவர்?"

"நான்தான்."

"உறுப்பினர்?"

"அதுவும் நான்தான்."

மிரட்டல் கடிதம் எழுதும் அளவுக்கு அவருக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. பதில் அனுப்பியிருப்பது ஊரிலேயே பெரிய இசைக்கருவிக் கடை. ஆண்டுதோறும் கேட்டலாக் போடுவார்கள். இந்த ஆண்டு நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சாதாக் கிட்டாருக்கு நாற்பது பக்கம், கீபோர்டுக்கு இருபத்தைந்து. டிரம்ஸ்காரர் உட்காரும் முக்காலிக்கே இரண்டு பக்கம், அதுவும் வண்ணத்தில். பேஸ் கிட்டார் நூற்று ஒன்பதாம் பக்கத்தில், 'இதரப் பொருட்கள்' என்ற தலைப்பின் கீழ், மைக் உறைக்கும் கீபோர்டு துடைக்கும் துணிக்கும் நடுவே கிடந்தது. படத்தில் பாதியைத் துணி மறைத்திருந்தது.

சொந்தப் பெயரில் இரண்டு கடிதம் போட்டார். பதில் இல்லை. மூன்றாவதில்தான் புத்தி கெட்டது. 'அனைத்து பேஸ் கலைஞர் சங்கம், உறுப்பினர்கள் முந்நூறு பேர்' என்று தலைப்புப் போட்டு, கேட்டலாக்கைத் திருத்தாவிட்டால் முந்நூறு பேரும் கடை வாசலில் ஒரே நேரத்தில் வாசிப்போம் என்று எழுதிவிட்டார்.

"முந்நூறு எதுக்குங்க?"

"நூறுன்னா மதிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

விஷயம் வக்கீலோடு நிற்காது. குழுவை நடத்தும் பாடகர், ஒலிபெருக்கி முதல் மைக் வரை அந்தக் கடையில்தான் வாடகைக்கு எடுக்கிறார். கடை முதலாளி முகம் சுளித்தால் குழுவுக்கு மேடையே இல்லை. எழுதியது இன்னார் என்று தெரிந்தால் பாடகர் அன்றைக்கே இவரைக் கழற்றிவிடுவார். பதினெட்டு வருடமாக அந்த மேடையின் பின்வரிசையைத் தவிர வேறெங்கும் நிற்கத் தெரியாத மனிதர். பயத்தில் அவருக்கு அழுகையே வந்தது.

"மத்த பேஸ்காரங்க நாலு பேர்கிட்டயாவது கையெழுத்து வாங்குங்களேன்."

"யாரையும் தெரியாதும்மா. ஒரு குழுவுக்கு ஒருத்தன்தான். நான் ஒரு மேடையில நிக்கறப்ப அவன் வேற மேடையில நிப்பான். எங்க போய்ப் பாக்கறது?"

சங்கத்தின் முகவரி என்று மைத்துனன் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தார். மைத்துனன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பேச்சில் கெட்டிக்காரன். அவனை வரவழைத்தார்.

"கடைக்குப் போன் பண்ணு. சங்கம் கலைஞ்சு போச்சுன்னு ஒரே வரி. வெச்சுடு."

மைத்துனன் வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தான்.

"முடிச்சிட்டேன் அத்தான்."

"கலைச்சிட்டியா?"

"அதுக்குத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தாளு, 'நீங்க எந்தச் சங்கம்'னு கேக்கறான். எவ்வளவு எகத்தாளம் பாருங்க. எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு."

"அப்புறம்?"

"எந்தச் சங்கமா, சனிக்கிழமை முந்நூறு பேரும் வந்து நிப்பாங்க, அப்பத் தெரியும்னு சொல்லி வெச்சுட்டேன்."

நாலுகம்பி மைத்துனன் கையிலிருந்த கைபேசியைப் பிடுங்கி அணைத்தார்.

ஆள்தான் இல்லை, பட்டியலாவது இருக்கட்டும் என்று வியாழக்கிழமை மத்தியானம் நீள நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தார். இருபத்தாறோடு சொந்தக்காரர்கள் தீர்ந்தார்கள். அறுபதோடு அக்கம்பக்கத்தார் தீர்ந்தார்கள். அதற்குமேல் மனைவி திருத்த வைத்திருந்த விடைத்தாள் கட்டுகளில் இருந்த பெயர்களில் கை வைத்தார். கையெழுத்துகளை வலது கையால் பாதி, இடது கையால் பாதி போட்டார். முந்நூறு முடித்தபோது இரண்டு கையும் மரத்துப் போயிருந்தன.

பள்ளியிலிருந்து வந்த மனைவி நோட்டைப் புரட்டினாள்.

"ஏங்க, இந்த நூத்தி நாப்பதாவது உறுப்பினர் இன்னிக்கு வீட்டுப்பாடம் எழுதாம வந்தான்."

"கையெழுத்து பரவாயில்லையா?"

"பரீட்சையில ரெண்டு பேர் கையெழுத்து ஒரே மாதிரி இருந்தாலே வெளிய நிறுத்திடுவேன். இங்க முந்நூறு பேரும் நீங்கதான். இதைக் கொண்டுபோய்க் குடுங்க, வக்கீலுக்கு வேலை மிச்சம். மோசடின்னு தனிக் கேஸ் போட்டுடுவாரு."

நாலுகம்பி முந்நூறு பேரையும் சுக்குநூறாகக் கிழித்தார். கடைசித் துண்டைக் கிழிக்கும்போது கைபேசி அடித்தது. பாடகர்.

"டேய், சனிக்கிழமை காலைல பதினோரு மணிக்குக் கடைக்கு வந்துடு."

"எ... எந்தக் கடைக்கு அண்ணே?"

"நம்ம கடைதான். பேஸ்காரங்க சங்கமாம், முதலாளியை மிரட்டறானுங்க. முந்நூறு பேராம். அவரு நம்மளத் துணைக்குக் கூப்பிட்டிருக்காரு. நீயும் பேஸ்காரன்தானே, அந்தத் தலைவன் யாருன்னு எனக்கு அடையாளம் காட்டு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"நான்தான் காட்டணுமா அண்ணே?"

"உன்னை விட்டா வேற யாருக்குடா தெரியும்?"

அதுவும் உண்மைதான். நாலுகம்பி அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடவில்லை. ஓடிப்போகலாமா என்றுகூட யோசித்தார். ஓடினால் பாடகருக்குச் சந்தேகம் வரும். போனால் சந்தேகமே தேவைப்படாது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பாடகர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், முதலாளி காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது.

சனிக்கிழமை மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "மன்னிப்புக் கேக்கப் போறப்பவாவது கசங்காம போங்க," என்றாள்.

கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சுவர் முழுக்கச் சாதாக் கிட்டார்கள் தொங்கின. முன்மேசையில் ஒரு பெண் குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே போய் நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கைகளையும் விலங்கு மாட்ட வசதியாக மேசைமேல் நீட்டினார்.

"மேடம்... பேஸ் சங்கம்... ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அதுக்குத் தலைவர் நான்தான்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாளில் இன்னொரு கோடு போட்டாள்.

"வலது பக்க ரூமுக்குப் போங்க சார், நாற்காலி தீந்துடுச்சு, சுவரோரமா நில்லுங்க, உங்களோட சேத்துப் பதினேழு பேஸ் சங்கத்துத் தலைவருங்க வந்தாச்சு, உறுப்பினர்னுதான் இன்னும் ஒருத்தர்கூட வரல."