மாட்டன் அண்ணையும் ஏவுகணைக் குடையும்

கனடாவின் மொன்றியல் நகரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் மாட்டன் அண்ணையைப்போல ஒரு பிடிவாதக்காரரைக் காணமுடியாது. சென்ட் லோரன்ட் பகுதியில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மெஷின். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஓவர்டைம் கேட்டால் "மாட்டன்." பனிக்குச் சப்பாத்து மாற்றச் சொன்னால் "மாட்டன்." கிறிஸ்மஸ் விருந்தில் வான்கோழியை நீட்டினால், வாயைத் திறக்காமலே மாட்டன் என்பார்.

அப்படிப்பட்டவர் கனடாவை மதித்ததற்கு ஒரே காரணம்தான். முன்பொருமுறை ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தில் சேரும்படி அமெரிக்கா கூப்பிட்டபோது, கனடா மறுத்துவிட்டது.

"நாடு பெரிசு, சனம் கொஞ்சம், வாய் அதைவிடக் கொஞ்சம். எண்டாலும் பக்கத்து வீட்டுப் பெரியவனைப் பாத்து மாட்டன் எண்டு சொல்லிச்சுதெல்லே! அண்டைக்குத்தான் நான் கனடாச் சிற்றிசன் ஆக எழுதிப்போட்டன்."

போன வருசம் அந்த ஏவுகணைக் குடைக்குள் சேரக் கனடா மறுபடி யோசிக்கிறதாகச் செய்தி வந்தது. அண்ணை சாப்பாட்டு அறையை ஐ.நா. சபையாக்கினார்.

"ஆகாயத்திலை வைச்சு அடிச்சு விழுத்துவினமாம். விழுற துண்டு ஆரின்ரை தலையிலை விழும்? எங்கட தலையிலை!"

"அப்ப குண்டு வந்தா என்ன அண்ணை செய்யிறது?" என்று கேட்டேன்.

"குண்டே இல்லாமச் செய்யச் சொல்லிக் கேள். இவன் குடையைப் பெருப்பிச்சா அவன் குண்டைக் கூட்டுவான். நான் ஊர் யுத்தத்திலை பங்கருக்குள்ளை இருந்து வந்தவன், எனக்குக் கதை விடாதை."

எம்.பி.க்குக் கடிதம் போட்டார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. 'நன்றி வேண்டாம், பதிலைத் தாருங்கள்' என்று அதன் பின்பக்கத்திலேயே எழுதித் திருப்பி அனுப்பினார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை எங்கள் மெஷின்களுக்குப் புது ஓடர் வந்தது. ஏவுகணையைத் தடுக்கும் ஏவுகணைக்குள் ஒரு பாகத்தைப் பிடித்துவைக்கும் சின்னத் தாங்கி. மேற்பார்வையாளர் அதைப் பிரெஞ்சில் பெருமையாக அறிவித்தார். அண்ணை மெஷினை நிறுத்தினார்.

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்று சொல்: வணக்கத்துக்குப் பொன்ஜூர், நன்றிக்கு மெர்சி, மாட்டனுக்கு நோன். முதல் இரண்டையும் சிக்கனமாகத்தான் பாவிப்பார்.

"நோன்," என்றார்.

மேற்பார்வையாளரின் முகம் சிவந்தது. மொழிபெயர்க்கும் பாவம் என் தலையில் விழுந்தது.

"அண்ணை, வேலை போயிடுமாம்."

"போகட்டும். ஒரு நாடு சொல்லலாம், நான் சொல்லக்கூடாதோ?"

தொழிற்சங்கம் குறுக்கே வந்ததால் வேலை தப்பியது. ஆனால் அவரைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள், சம்பளமும் இறங்கியது. அவருடைய பங்குத் தாங்கிகள் என்னிடம் வந்தன. நான் செய்தேன். அன்று மத்தியானம் அவர் என் முன்னால் வந்து குந்தியபோது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

"ஏனடாப்பா சாப்பிடேல்லை?"

"உங்கட பங்கையும் நான்தான் அண்ணை..."

"உனக்குப் பிள்ளையள் இருக்கு. நீ செய். நான் உனக்கும் சேத்துத்தான் மாட்டன் எண்டனான்."

போன மாதம் அண்ணை வேலையிலிருந்து இளைப்பாறினார். அவர் விட்டுப்போன பக்கத்து மெஷினில் இப்போது ஒரு பணிவான மனிதர். எதைக் கேட்டாலும் மறுக்காமல் ஓம் என்கிறார். எனக்குத்தான் பொழுது போகமாட்டேன் என்கிறது.