நன்றியுரை கேட்கப் போன கதை

சிட்னி எனக்கு நன்றாகத் தெரியும் என்று மனைவி வசந்தியிடம் சொல்லி வைத்திருந்தேன். அது முழுப் பொய் இல்லை. அந்த நகரத்தில் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். என்ன, இரண்டு வருடமும் வில்லாவுட் தடுப்பு முகாமின் வேலிக்குள் இருந்தேன். (சாப்பாடு நேரத்துக்கு வந்தது, குறை சொல்லக்கூடாது.) வெளியே விட்ட அன்றே கூட்டாளி ஒருவனின் வான் வண்டியில் ஏறி, தூரத்துக் கிரிஃபித் ஊருக்குத் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டேன். ஆகவே நான் அறிந்த சிட்னியில் பாலமும் இல்லை, கடலும் இல்லை. ஒரு வேலியும் ஒரு மரமும்தான்.

வசந்தி ஊரிலிருந்து என்னிடம் வந்து சேர ஏழு வருடம் ஆனது. அதுவரை கைபேசியில்தான் குடும்பம் நடத்தினோம். எவ்வளவுதான் பேசுவது? பேச்சு தீர்ந்த நாட்களில் அவள் தனக்குப் பிடித்த பாடகரின் பாட்டைப் போட்டு, கைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைப்பாள். அங்கே அவளும் இங்கே நானும் வாயை மூடிக்கொண்டு கேட்போம்.

"நீர் வாரும், அந்தாளை நேரிலயே கேக்கப் பண்ணுறன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவள் வந்த ஐந்தாம் மாதம் அதே பாடகர் சிட்னிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. முன்வரிசையில் இரண்டு இருக்கை எடுத்தேன். சனிக்கிழமை கிரிஃபித்தில் பஸ் ஏறி, ஒன்பது மணித்தியாலம் குந்தியிருந்து, சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் லீலா அன்ரி வீட்டில் போய் இறங்கினோம். நான் முகாமுக்குள் இருந்த காலத்தில் ஞாயிறு தவறாமல் புட்டு கொண்டுவந்து தந்தவர் அவர். அந்த வீட்டில் வயிறு முட்டச் சாப்பிடாமல் எழும்பும் துணிவு எனக்கு இல்லை.

மறுநாள் ஒன்றரை மணிக்கே வசந்தி சேலை கட்டி வாசலில் நின்றாள். நான் இடுப்பில் சாரத்தோடு இடியப்பத்துக்கு முன்னால் இருந்தேன்.

"என்னப்பா, வெளிக்கிடேல்லையே? மூண்டு மணியெண்டு போட்டிருக்கு."

"போடுறதுதான். நீர் இந்த நாட்டுக்குப் புதுசு, உமக்குத் தெரியாது."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், ஆனாலும் இந்தக் கணக்கில் புலி. எங்கள் சனத்தின் நிகழ்ச்சியில் மூன்று மணி என்றால் விளக்கேற்ற நாலு மணி. அதற்குப் பிறகு வரவேற்புரை, தலைமையுரை, பணம் கொடுத்த கடைக்காரருக்குப் பொன்னாடை.

"அஞ்சு மணிக்கு முதல் அந்தாள் வாயைத் திறந்தா, நான் என்ர பேரை மாத்துறன்" என்றேன்.

"தம்பி சொல்லுறது சரி பிள்ளை" என்றார் அன்ரி. "போன முறை ரெண்டு மணித்தியாலம் சும்மா குந்தியிருந்தனாங்கள். நீயும் இருந்து ரெண்டு இடியப்பம் சாப்பிடு."

அன்ரியின் கணவர், அங்கிள் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தன் இடியப்பத்துக்குத் திரும்பினார்.

மூன்று மணிக்குத்தான் அங்கிளின் கார் புறப்பட்டது. இன்னும் நேரம் கிடக்கிறதே என்று எனக்கு ஒரு யோசனை. "அங்கிள், வில்லாவுட் பக்கம் ஒருக்கா விடுங்கோ. நான் இருந்த இடத்தை இவவுக்குக் காட்டவேணும்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வழிகாட்டி போலக் கையை நீட்டினேன். "அந்த மரம் தெரியுதே? அதுக்குக் கீழ நிண்டுதான் உம்மோட கதைக்கிறனான்." வசந்தி நெடுநேரம் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாளா, என்னைப் பார்த்தாளா, தெரியாது. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பாத்தாச்சு. இனி அந்தாளைப் பாப்பமே?"

மண்டபத்தை அடைந்தபோது ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. என் கணக்குப்படி பத்து நிமிடம் முந்திவிட்டோம். கார் நிறுத்த இடம் இல்லை, ஆனால் வெளியே ஒரு சனமும் இல்லை.

"பாத்தீரே, எல்லாரும் உள்ளுக்க காத்துக்கொண்டு இருக்கினம்!"

வாசலில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்மணி மேசையை மடித்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டை நீட்டினேன். என்னைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இப்பதான் வாறீங்களோ? அவருக்கு ஆறரைக்கு மெல்பேணுக்குப் பிளேன். அதால மூண்டு மணிக்கு டாணெண்டு தொடங்கியாச்சு. பேச்செல்லாத்தையும் கடைசிக்குத் தள்ளிப்போட்டம்."

"அப்ப பாட்டு?"

"பாட்டு முடிஞ்சுது. அவர் பின்வாசலால போயிட்டார்."

இந்த நாட்டுக்கு வந்த வழியில், நடுக்கடலில் படகின் எஞ்சின் நின்றபோது நான் அதில் இருந்தவன். அப்போதுகூட நான் இப்படித் திகைக்கவில்லை. எஞ்சின் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் சனம் நேரத்துக்குத் தொடங்கும் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் இருக்கைகள் முன்வரிசையில். மண்டபம் நிறைந்த சனம் பார்க்க, நடுவழியால் நடந்துபோய் உட்கார்ந்தோம். நாங்கள் உட்காரவும், மேடையில் ஒருவர் நாலு தாளை விரித்து நன்றியுரையைத் தொடங்கவும் சரியாக இருந்தது. சாப்பிட ரோல்ஸ் தந்த கடைக்கு நன்றி. பல் வைத்தியருக்கு நன்றி. கார் நிறுத்த வழிகாட்டியவர்களுக்கு நன்றி. (எங்களுக்கு ஒருவரும் வழிகாட்டவில்லை, அது வேறு கதை.) நாற்பது நிமிடம். பாடகரின் மைக் மட்டும் மேடை நடுவில் தனியாக நின்றது. வசந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியாக, "தூர இடங்களிலிருந்து பயணம் செய்து வந்தவர்களுக்கும் எமது நன்றி" என்றார். வசந்தி கை தட்டினாள். மண்டபத்தில் அவள் ஒருத்தி மட்டும்.

திரும்பும்போது காரில் அங்கிள்தான் முதலில் வாயைத் திறந்தார். "நேரத்துக்குத் தொடங்கினாலும் தொடங்குவினம் எண்டு எனக்கும் ஒரு யோசனை வந்ததுதான். ஏன் குறுக்க கதைப்பான் எண்டு விட்டிட்டன்."

திங்கட்கிழமை ஒன்பது மணித்தியாலப் பஸ்ஸிலும் வசந்தி பேசவில்லை. செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் அவளோடு வேலை செய்யும் ஒரு பெண், "கச்சேரி எப்பிடி அக்கா?" என்று கேட்டபோதுதான் பேசினாள்.

"நன்றியுரை நல்லா இருந்தது."

சொன்னபடி என் பெயர் மாறிவிட்டது. லீலா அன்ரி தொலைபேசியில் வசந்தியிடம், "நன்றியுரை நிக்கிறாரோ?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார். அதற்குப் பிறகு எந்தக் கலியாணத்துக்கும் நாங்கள்தான் முதல் ஆட்கள். திறப்பு வைத்திருப்பவர் வந்து கதவைத் திறக்க முன்பே மண்டப வாசலில் நாங்கள் நிற்போம். பல இடங்களில் கதிரை அடுக்கியதும் நான்தான்.

அப்படிக் காத்திருக்கும்போது வசந்தி கைபேசியில் அந்தப் பாடகரின் பாட்டைப் போட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் வைப்பாள். பழையபடி வாயை மூடிக்கொண்டு கேட்போம். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்புவாள்.

"சரி, இனி நீங்கள் எழும்பி நன்றியுரையைச் சொல்லுங்கோ."