தெரமின் குழுவில் தியோடரின் இருபத்தேழாவது அறிமுகம்

தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்பவர் என்றொரு பிராணி உண்டு. அதைக் காட்டில் தேட வேண்டாம். திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற பேருந்தில் நீங்கள் ஜன்னலோரம் இடம் பிடித்தால் போதும், பக்கத்து இருக்கையில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 'எந்த ஊரு?' என்று உங்களைக் கேட்கும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் தன் ஊர், தன் தொழில், மகன் பெங்களூரில் வாங்கிய வீடு, அந்த வீட்டுக்கு எத்தனை லிஃப்ட், தனக்கு எந்தக் காலில் மூட்டுவலி, அதற்கு எந்த டாக்டர் கைவிரித்தார் என்று வரிசையாக இறக்கி வைக்கும். சந்திரகிரி வருவதற்குள் அதன் வாழ்க்கை வரலாற்றை நீங்கள் அச்சுக்கே கொடுத்துவிடலாம். உங்களுக்கு எந்த ஊர்? அது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். ஆனாலும் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன், இதுவரை தப்பியதில்லை. இந்தப் பிராணி இப்போது பேருந்தை விட்டுவிட்டு வாட்ஸ்அப் குழுக்களில் குடியேறிவிட்டது. ஏன் குடியேறாது? அங்கே கேட்கிறவன் இறங்கி ஓட நிறுத்தம் கிடையாதே!

குழுக்களிலும் எல்லாவற்றையும்விட இது செழித்து வளர்வது தெரமின் குழுவில். தெரமின் ஒரு வாத்தியம். மேசைமேல் ஒரு பெட்டி. வலப்பக்கம் நட்டுக்குத்தலாக ஒரு கம்பி, இடப்பக்கம் வளைத்த கம்பி. ஊத வேண்டாம், மீட்ட வேண்டாம், தட்ட வேண்டாம், தொடவே கூடாது. நின்ற கம்பிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ஸ்ருதி ஏறும், விலக்கினால் இறங்கும். வளைந்த கம்பியின் பக்கம் கை போனால் சத்தம் அடங்கும். காற்றில் உங்கள் விரல் நடுங்கினால் அதுவும் கூட நடுங்கும். ஆக, சும்மா நிற்கத் தெரிந்தவன் வாசிக்கிற வாத்தியம். அதில் போய் இந்தப் பிராணிக்கு என்ன வேலை? தொடாமலே வாசிக்கலாம் என்றால் வாசிக்காமலே வித்வான் ஆகலாம் என்று கணக்குப் போட்டிருக்கும்.

குழுவை நடத்துபவர் நந்திதா, திருப்பதியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவர். 'சேர்ந்ததும் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஒரு நிமிடம் வாசித்து, பதிவு செய்து அனுப்புங்கள்' என்பது அவர் போட்ட சட்டம். உறுப்பினர் நாற்பத்தொரு பேர். அறிமுகம் அனுப்பியவர்கள் நாற்பத்தொரு பேர். வாசித்து அனுப்பியவர்கள் நாலு பேர்.

அறிமுகங்களில்தான் எத்தனை விதம்! 'நான் ஒன்றும் தெரியாத கத்துக்குட்டி' என்று தொடங்கி, தனக்குத் தெரிந்ததையெல்லாம் பதினெட்டு வரியில் அடுக்குகிற அடக்கசாலி ஒருவர். தன் பெயரைக்கூட மறந்துவிட்டுப் பெட்டியின் மாடல் எண், கம்பியின் நீளம், உள்ளே எத்தனை சுற்று என்று கருவியையே அறிமுகம் செய்கிற தடா ஊர்க்காரர் முரளிதரன் ஒருவர். ஒன்பது நிமிடக் குரல்பதிவில் எட்டாவது நிமிடம் 'இப்ப விஷயத்துக்கு வரேன்' என்கிற, வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீஹரி ஒருவர். புதிதாக ஒரு ஆள் உள்ளே வந்தால் தீர்ந்தது; அவரை வரவேற்கிற சாக்கில் பழையவர்கள் எல்லோரும் இன்னொரு முறை தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். வந்தவர் யார்? அதை யார் கவனித்தார்கள்?

இவர்களுக்கெல்லாம் சிகரம், சித்தூர் தியோடர். இரண்டு வருடத்தில் இருபத்தாறு அறிமுகம்.

தியோடரைச் சும்மா சொல்லக்கூடாது. ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு கூம்பு ஸ்பீக்கரையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு தொழிலுக்கு வந்து, 'தியோடர் சவுண்ட் சர்வீஸ்' என்று மூன்று வண்டிகளில் எழுதி ஓடவிட்டவர். கல்யாணமா, கட்சிக் கூட்டமா, நற்செய்திக் கூட்டமா, நாராயணவனத்துத் திருவிழாவா, அவருடைய மைக்செட்தான். நாற்பது வருடம் மேடைக்குப் பின்னால் நின்றார். நாற்பது வருடமும் நன்றியுரையில் தலைவருக்குப் பெயர் இருந்தது, பந்தல் போட்டவருக்குப் பெயர் இருந்தது, மாலை வாங்கி வந்தவருக்கும் பெயர் இருந்தது. எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில், 'மைக்செட் அமைத்தவருக்கும்' என்று ஒரு வால் வரும். அந்த வால்தான் தியோடர். வண்டியில் அவ்வளவு பெரிதாக எழுதியிருந்த பெயரை வாயால் சொன்னவர் ஒருவரும் இல்லை. தான் வைத்த ஸ்பீக்கரிலோ, அடுத்தவன் வைத்த ஸ்பீக்கரிலோ, ஒரே ஒரு முறை தன் பெயர் வந்துவிட வேண்டும். அந்த மனிதருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

தொழிலை மகன் டைட்டஸ் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஆசையோடு தெரமின் வாங்கினார். அது கூடத்தில் பழைய ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு நின்றது. திரையை விலக்கின நாட்களில் அதிலிருந்து வந்தது வால் மிதிபட்ட பூனையின் குரல். பார்த்தார் தியோடர், வாசிப்பைத் தள்ளி வைத்துவிட்டு அறிமுகத்துக்கு மெருகு போட ஆரம்பித்தார். முதல் அறிமுகத்தில் 'தெரமின் கற்க விருப்பம்.' ஐந்தாவதில் 'கற்று வருகிறேன்.' பன்னிரண்டாவதில் 'சில காலமாக வாசிக்கிறேன்.' இருபத்தாறாவதில் 'சித்தூர் மாவட்டத்தின் மூத்த தெரமின் கலைஞன்.' ஒரு நாள் சாதகம் இல்லாமல் இவ்வளவு முன்னேறியவர் உண்டா?

அப்போதுதான் நந்திதாவின் அறிவிப்பு வந்து விழுந்தது. திருப்பதியில் நேரில் சந்திப்பு. எல்லோரும் ஒரு நிமிடம் வாசிக்க வேண்டும். வாசித்தவர்கள் பெயர் நன்றியுரையில் வரும். வாசிக்காதவர்கள் 'ரசிகர்கள்' என்ற தனிக் குழுவுக்கு மாற்றப்படுவார்கள்.

"இன்னா டைட்டசு நைனா, மூஞ்சி இப்படித் தொங்கிப் போச்சி?" என்றார் மனைவி கிருபாவதி, கீரையை ஆய்ந்துகொண்டே.

"வாசிக்கச் சொல்றாங்க கிருபா."

"வாசிக்கிறவருதான நீங்க? ரெண்டு வருசமா அப்படித்தான எழுதிக்கினு கீறீங்க?"

"அறிமுகத்துலயே நேரத்த ஓட்டிடலாம்னு பாக்கறேன். ஆளுக்குக் கால்மணி பேசனா மத்தியானம் ஆயிடும். சோறு துன்னுட்டு எவன் வாசிக்கப் போறான்?"

"அப்ப நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"மானம் போவ சொல்ல பக்கத்துல ஒரு ஆளு வாணாமா?"

சந்திப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் பதினாறு பேர். மேடையில் தெரமின், பக்கத்தில் யாரும் இல்லாதவரை மௌனமாக இருக்கும்படி நந்திதா அதைத் திருகி வைத்திருந்தார். சற்றுத் தள்ளி ஒரு மைக். வாசிக்கத் தெரிந்த நால்வரும் பெயர், ஊர் என்று இரண்டு சொல் சொன்னார்கள், வாசித்தார்கள், இறங்கினார்கள். மற்றவர்கள்? தியோடர் போட்ட கணக்கை எல்லோருமே போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் கால்மணி நேரம் தன்னை அறிமுகம் செய்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, 'அடுத்தவங்க நேரத்தை நான் எடுத்துக்கக் கூடாது' என்று பெருந்தன்மையோடு கீழே இறங்கினார்கள். பெருந்தன்மைக்கு ஒரு கைதட்டல் வேறு.

தியோடரின் முறை வந்தது. காலையிலிருந்தே அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. மைக்கை எந்த மடையனோ ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் வைத்திருந்ததால் அது விட்டுவிட்டுக் கூவியது. ஏறியதும் அதைத் தூக்கி நாலடி தள்ளி வைத்தார். கூவல் நின்றது. அந்த நாலடியில் தெரமினின் கம்பி தன் வலது தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்பதை அவர் பார்க்கவில்லை. பேசப்போகிறவன் பக்கத்தில் இருப்பதை எங்கே பார்க்கிறான்?

"மொதல்ல நம்முளுக்கு ஒரே ஒரு சைக்கிளு" என்று கையை நெஞ்சில் வைத்தார். பெட்டி எருமைபோல அடித்தொண்டையில் உறுமியது.

"அப்புறம் மூணு வண்டி!" என்று கையைப் பக்கவாட்டில் வீசினார். பெட்டி வீறிட்டது.

மறுபடியும் மைக் கூவுகிறது என்று நினைத்தார் தியோடர். நாற்பது வருட மைக்செட்காரன் கைக்கு அடங்காத மைக்கா? ரோஷம் வந்துவிட்டது. மைக்கை இன்னும் கிட்டே இழுத்து, குரலை உயர்த்தி, "பாகாலாவுல ஆரம்பிச்சித் தடா வரைக்கும்" என்று கையை ஒரு வீச்சு வீசிக் காட்டினார். பாகாலாவில் ஆரம்பித்த சத்தமும் வழுக்கிக்கொண்டே தடா வரைக்கும் போனது. முரளிதரன் போனை எடுத்துப் படம் பிடித்தார். "சால பாகுந்தண்டி, பிரமாதம்!" என்று ஸ்ரீஹரி தொடையைத் தட்டினார். ஒவ்வொரு பெருமைக்கும் ஒரு உறுமல், ஒரு வீறிடல். நாலு நிமிடம் இப்படி.

"சார், மைக் கூவல" என்றார் நந்திதா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நீங்கதான் வாசிச்சிக்கிட்டு இருக்கீங்க."

தியோடர் அப்படியே நின்றுபோனார். வாய் திறந்தபடி, பேச்சு வரவில்லை. கை பாதி தூக்கியபடி, அசையவில்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த வாத்தியத்தின் முன்னால் சும்மா நின்றார். அப்போது வந்தது ஒரு ஸ்வரம். ஆடாமல், பிசிறில்லாமல், இழுத்துக் கட்டிய கயிறுபோல மண்டபத்தின் குறுக்கே நின்றது. ஒரு விநாடி. ஐந்து. ஒன்பது. கிருபாவதி விசிறிக்கொண்டிருந்த காகிதம் மடியில் விழுந்தது.

பத்தாவது விநாடி, தியோடர் தியோடர்தானே, "இத எப்படிப் பண்ணேன்னா..." என்று விளக்கக் கையை ஆட்டினார். பூனையின் வாலை யாரோ மிதித்தார்கள்.

"நாலு நிமிஷத்துக்கு மேல வாசிச்சிட்டீங்க சார். சட்டப்படி நீங்க வாசிச்சவர்தான்" என்றார் நந்திதா.

தியோடர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கீழே இறங்கினார். இனி நன்றியுரைதான் பாக்கி. அதற்கு எழுந்தவர் ஸ்ரீஹரி. நன்றி சொல்லப்போகிற தான் யார் என்பதைப் பதின்மூன்று நிமிடம் விளக்கினார். பிறகு நந்திதாவின் பெயர், வாசித்த நால்வர் பெயர், சாப்பாடு கொண்டுவந்தவர் பெயர். தியோடர் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தார்.

"சிவரகா, கடைசியா, மைக்க சரிபண்ண சாருக்கும் ஒரு கைதட்டல் குடுங்க!"

தட்டினார்கள். அன்றைக்கு வேறு யாருக்கும் அவ்வளவு பலமாகத் தட்டவில்லை. இருபத்தேழு முறை தன்னை அறிமுகம் செய்த மனிதருக்கு இருபத்தெட்டாவது முறைக்குச் சொல் கிடைக்கவில்லை. மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிருபாவதி எழுந்தார்.

"ஏம்பா, அவுருக்குப் பேரு கீதுப்பா. தியோடரு."

உட்கார்ந்துவிட்டார். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அந்தக் குழுவின் சரித்திரத்தில் அவ்வளவு சுருக்கமான அறிமுகம் அதற்கு முன்னால் இல்லை, பின்னாலும் இருக்கப்போவதில்லை.

"க்ஷமிஞ்சண்டி, மன்னிக்கணும் அம்மா!" என்று ஸ்ரீஹரி நாக்கைக் கடித்துக்கொண்டு மைக்கின் பக்கம் திரும்பினார். "தெரமின் வாசிச்ச சித்தூர் தியோடர் சாருக்கு நம்ம நன்றி!"

ஸ்பீக்கரில் வந்தது. ஊர், பெயர், வாத்தியம் எல்லாமே வந்தது. அந்த ஸ்பீக்கரில் கீச்சொலி கொஞ்சம் அதிகம், குறைத்து வைக்க வேண்டும் என்று தியோடருக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில் அவர் வாயே திறக்கவில்லை. சந்திரகிரிவரை பொறுத்துப் பார்த்த கிருபாவதிக்குப் பயம் பிடித்துவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சந்திரகிரியில் ஒருவர் ஏறி எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். தியோடர் அவர் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"எந்த ஊருங்க? நம்முளுக்குச் சித்தூரு. ஒரே ஒரு சைக்கிள்ள ஆரம்பிச்சவன்..."

கிருபாவதி நிம்மதியாக ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். படித்து முடித்ததும் இதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத்தான் போகிறீர்கள். 'எனக்கும் இப்படி ஒருத்தரைத் தெரியும்' என்றுதான் தொடங்குவீர்கள். தொடங்குங்கள், தப்பில்லை. மூன்றாவது வாக்கியம் யாரைப் பற்றிப் போகிறது என்று மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். அப்படியே, கை எங்கே இருக்கிறது என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.